திருகோணமலையும் இணைய ஏடுகளும்

கோணமாமலையின் உச்சியில் நின்ற பெருங்கோயிலைப் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா 1624 ஆம் ஆண்டையொட்டி இடித்து, அதன் கற்களைக் கொண்டே அவ்விடத்திற் கோட்டை எழுப்பினான் என்பது ஈழத்து வரலாறு கற்றார் யாவரும் அறிந்தது. இடித்தவனே அக்கோயிலைப் பற்றிய சான்று ஒன்றையும் காத்து வைத்தான் என்பது அத்துணைப் பலர் அறியாதது. அங்கே பொறிக்கப்பட்டிருந்த சாசனங்களுள் ஒன்றின் பொருளைத் தன் மொழியிற் பெயர்ப்பித்து அவன் தாய்நாட்டுக்கு அனுப்பினான். அப்படி லிஸ்பன் நகரத்து அஜுடா நூலகத்திற் பேணப்பட்டது. குளக்கோட்டன் இயற்றிய திருப்பணியைப் பிற்காலத்திற் பறங்கியர் அழிப்பர் என்பது அச்சாசனத்தின் பொருள். கோட்டை வாயிலில் இரட்டைக் கயல் இலச்சினையோடு விளங்கும் தமிழ்ச் சாசனமோ சிதைவுற்றது. அதன் குறைகளை நிரப்பப் புகுந்த அறிஞர் துணைக்கொண்டவற்றுள் கடல் கடந்து சென்ற அப்படியும் ஒன்று. கல் இங்கே சிதைந்தது. தாள் அங்கே பிழைத்தது.

கோயிலின் ஒழுகலாறுகளைக் கூறுவதும் கவிராசவரோதயன் இயற்றியதுமான கோணேசர் கல்வெட்டும் இதற்கு ஒத்த சான்றாகும். பெயரளவில் அது கல்வெட்டு. வந்து சேர்ந்தது ஏட்டின் வழி. ஒருவர் ஏட்டை மற்றொருவர் பார்த்தெழுத, அதனைப் பின்னொருவர் பார்த்தெழுத, கறையானுக்கும் நெருப்புக்கும் தப்பிய படிகளால் அந்நூல் நிலைத்தது. 1950 ஆம் ஆண்டில் நகரத்திற் கிணறு தோண்டிய இடத்திற் புதைந்து கிடந்த செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956 இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் மலையடியிற் கடலுள் மூழ்கி, வீழ்ந்த கோயிலின் தூண்களையும் செதுக்குக் கற்களையும் கண்டனர். அடுத்த ஆண்டிற் கிளார்க் எழுதி வெளியிட்ட நூலின் வாயிலாக அச்செய்தி உலகெங்கும் பரவியது. அக்கற்கள் கடலடியிற் கிடப்பதை உள்ளூரில் முத்தும் சங்கும் குளித்தோரும் மீன்பிடித்தோரும் அதற்கு முன்னரே அறிந்திருத்தல் கூடும். அறிந்திருப்பினும் அவ்வறிவு எழுத்தாகவில்லை. ஆகாமையால் அது அவர்களோடு மறைந்தது.

ஆகவே ஓர் ஊரின் செய்தி நிலைபெறுதற்கு இரண்டு வேண்டும். அருகிருந்தார் ஒருவர் பிழையறக் குறித்துவைத்தல் ஒன்று. அக்குறிப்பு ஓரிடத்தில் மாத்திரமன்றிப் பல இடங்களில் இருத்தல் மற்றொன்று. வலைப்பூ, இணைய ஏடு, முகநூல் என இக்காலத்து வழங்கும் புதிய எழுத்துக் கருவிகளின் பயனை இவ்விரண்டையும் கொண்டு அளந்து நோக்குதல் தகும். அவை விரைவானவை என்பதே பொதுவாகப் பாராட்டப்படுவது. விரைவு அவற்றின் குணங்களுள் ஒன்றேயன்றித் தலையாய குணம் அன்று.

அச்சுப்பொறி வந்த காலத்தும் இவ்வூர் எழுத்தாளர் தம் நூல்களோடு வெளியூர் சென்றவராகவே இருந்தனர். ஈழத்துத் தமிழ் நாவல்களுள் மிகப் பழையனவற்றுள் ஒன்றாகிய 'ஊசோன் பாலந்தை கதை' 1891 இல் வெளிவந்தது. அதனை இயற்றிய எஸ். இன்னாசித்தம்பி திருகோணமலையார். தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப் பலராலும் கொள்ளப்படும் 'மோகனாங்கி' 1895 இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் இவ்வூரவரே. முன்னையது ஐரோப்பியப் பழங்கதையொன்றின் தழுவல். பின்னையது நாயக்கர் காலத்துத் தஞ்சையையும் திருச்சியையும் களமாகக் கொண்டது. இருவரும் ஆற்றல் மிக்கவர். ஆயினும் இருவர் நாவலிலும் திருகோணமலை இல்லை. நூலை அச்சேற்றப் பொருள் முடக்குவோனும் பொருள் கொடுத்து வாங்குவோனும் வேற்றூரில் இருக்கும்போது சொந்த ஊரின் செய்தி நூலாதல் அரிது. திருகோணமலையின் தலபுராணங்களையும் வரலாற்றையும் தேடித் தொகுத்த வே. அகிலேசபிள்ளை போன்றார் இவ்விதிக்கு விலக்காயினோர். அவருழைப்பின் அருமையும் அதனாலேயே விளங்கும்.

இத்தடையை நீக்கியது இணையம். வலைப்பூ என்பது ஒருவர் தாமே எழுதித் தாமே வெளியிடும் ஏடு. அச்சுக்கூலி இல்லை; தாட்செலவு இல்லை; ஆசிரியர் ஒருவரது இசைவுக்குக் காத்திருத்தலும் இல்லை. புதியது மேலும் பழையது கீழுமாக அடுக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் வெளியிட்ட நாள் தானாகவே பொறிக்கப்படும். இந்நாட்குறிப்பு சிறிய வசதியே எனினும் பழைய ஏட்டுச்சுவடி எழுதியோர் பெரும்பாலும் விட்டுச்சென்ற குறை இதுவே என்பதனை ஆராய்ச்சி செய்வோர் அறிவர். நூலொன்றின் காலத்தை நூறாண்டு முன்னும் பின்னுமாகத் தள்ளி வழக்காடுவதில் அவர்தம் வாழ்நாளிற் பாதி கழியும்.

ஆயின் தமிழ் இவ்விணையத்தில் இடம்பெற்ற வரலாறு நேர்வழியில் நிகழ்ந்ததன்று. தொடக்கக் காலத்திற் கணிப்பொறிகள் ஆங்கில எழுத்தையே அறிந்தன. எனவே எழுத்துரு அமைத்தோர் ஓர் உபாயம் செய்தனர். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றின் உருவத்தையும் நீக்கி, அவ்விடத்தில் தமிழ் உருவத்தை வைத்தனர். ஈழத்தவரிடைப் பெருவழக்காயிருந்த பாமினி என்னும் எழுத்துருவில் 'அம்மா' என ஒருவர் அடித்தால், கண்ணுக்குத் தெரிவது அம்மா. கோப்பினுள் உண்மையில் இருப்பன 'எம்', 'கே', அரைப்புள்ளி, 'கே', 'எச்' என்னும் ஐந்து குறிகள். பாமினி இல்லாத கணிப்பொறியில் அதனைத் திறந்தால் அக்குறிகளே பொருளற்ற கூட்டமாய்த் தோன்றும். அந்நிலையில் தேடுபொறி எதுவும் அதனைத் தமிழென்று அறியமாட்டாது. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனத் தனி எழுத்துருவும் தனி முறையும் வைத்திருந்தமையால், ஓரிடத்துத் தமிழ் மற்றோரிடத்துத் தமிழுக்கு அந்நியமாயிற்று. உலக மொழிகள் அனைத்தின் எழுத்துக்கும் தனித்தனி எண் வகுக்கும் யுனிகோட் என்னும் முறையில் 1991 ஆம் ஆண்டின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தும், சாதாரண மனிதன் கைக்கு அது வந்து சேரப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. வந்தபின் நிலைமை மாறியது. 2003 ஆம் ஆண்டிலிருந்து தமிழ் வலைப்பூக்கள் தோன்றலாயின. தமிழ் விக்கிப்பீடியாவும் அவ்வாண்டிலேயே தொடங்கியது. 2004 இல் எழுந்த தமிழ்மணம் என்னும் திரட்டி, பல ஊர்களிலும் சிதறிக் கிடந்த பதிவுகளை ஒரு பக்கத்திற் காட்டியது. கோலாலம்பூரிலும் தொரன்றோவிலும் திருகோணமலையிலும் எழுதியோர் ஒருவரையொருவர் வாசிக்கத் தலைப்பட்டது அதன் பின்னரே.

பழைய பாமினிக் கோப்புக்களைச் சேமித்து வைத்திருப்போர் இன்றும் பலர். சங்கங்களின் ஆண்டறிக்கைகள், கோயில் மலர்கள், நினைவு மலர்கள் என அவை பெட்டிகளிலும் தட்டுக்களிலும் கிடக்கின்றன. அவற்றை யுனிகோட்டுக்கு மாற்றுதற்குரிய கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன; மாற்றுவோர் தாம் அருகினர். கறையான் தின்னாத ஏடும் கெடும் என்பதற்கு இவை சான்று.

உள்ளூர் அறிவு இப்புதிய ஏடுகளில் எவ்வாறு அமைகின்றது என்பதற்குத் தம்பலகாமத்தைச் சார்ந்து எழுந்த 'ஜீவநதி' என்னும் வலைப்பூவை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். திருகோணமலை மாவட்டத்தின் கோயில்கள், கல்வெட்டுக்கள், வயலும் குளமும் சார்ந்த பழைய வழக்கங்கள், ஊரில் வாழ்ந்த புலவர்கள் ஆகியோரைப் பற்றிய கட்டுரைகள் நிழற்படங்களோடு அதில் இடம்பெற்றன. ஆதிகோணநாயகர் கோயிலும் கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்வெளியுமாக விளங்கும் தம்பலகாமம், பழஞ்செய்தி மிகவும் தங்கிய ஊர். அவ்வூரின் செய்தியை அவ்வூரின் உள்ளிருந்தே எழுதும்போது, வெளியூர் ஆராய்ச்சியாளர் எழுதமாட்டாத சில அதில் இயல்பாகவே வந்து அமையும். பேராசிரியர் ஒருவர் கல்வெட்டைக் காண வருவார், கல்லை அளப்பார், எழுத்தின் காலத்தைக் கணிப்பார். அக்கல் முன்னர் எந்த வயலின் வரம்பில் நின்றது, எவர் அதனை எடுத்து வந்து கிணற்றடியிலிட்டார், அதன் மேல் எத்தனையாண்டு துணி துவைக்கப்பட்டது என்பன அவர்க்குத் தெரியா. கல் முதலில் நின்ற இடம் தெரியாதபோது அது குறிக்கும் நிலத்தின் எல்லையும் தெரியாது. பேராசிரியரின் கல்வியும் ஊரவரின் நினைவும் ஒன்றையொன்று வேண்டி நிற்பவை. இணைய ஏட்டில் அவை சந்தித்தல் எளிது.

கோயிலையும் கல்வெட்டையும் போன்றவை மாத்திரமே எழுதத்தக்கன என எண்ணுதல் ஆகாது. 1986 ஏப்ரில் 20 ஆம் நாள் பின்னிரவிற் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்து, உறங்கிக்கொண்டிருந்த குடியிருப்புக்களை வெள்ளம் வாரிச் சென்றது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்விரவை நேரிற் கண்டவர் இன்னும் பலர் உளர். தண்ணீர் எத்திசையில் முதலிற் புகுந்தது, எந்த மேட்டில் ஏறியோர் தப்பினர், எந்த ஒலி கேட்டு விழித்தனர் என அவர்கள் சொல்லுவன பொறியியலாளரின் அறிக்கையில் இராதவை. அவர்கள் முதுமையெய்தி வருகின்றனர்.

இத்தகையவற்றைத் தொகுத்துப் பேணுவதில் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தின் பணி பெரிது. 2005 இல் ஆர்வலர் சிலரால் தொடங்கப்பெற்ற அது ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள், பிரசுரங்கள் ஆகியவற்றைப் படியெடுத்து, எவரும் கட்டணமின்றி வாசிக்க வைத்துள்ளது. 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுட் சில, வேறெங்கும் படியில்லாதவை. ஒரே கட்டடத்தில் ஒரே படியாக அறிவைக் குவித்து வைத்தலின் கேடு எத்தகையது என்பதனை ஈழத்தமிழர்க்கு அந்நெருப்புக் கற்பித்தது.

இதுகாறும் கூறியன பழமையைப் பற்றியவை. அன்றாடச் செய்தியிலோ பொருந்தியிருப்பது மக்களுயிர். 2004 டிசம்பர் 26 ஆம் நாட் காலை, இலங்கை நேரப்படி ஏழு மணிக்குச் சற்று முன்னர்ச் சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடியில் நிலம் நடுங்கியது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரங் கழித்து ஆழிப்பேரலை இத்தீவின் கிழக்குக் கரையை அடைந்தது. திருகோணமலை மாவட்டத்திற் கிண்ணியாவும் மூதூரும் பெருஞ்சேதமுற்றன. கிண்ணியாவின் மருத்துவமனையும் அழிந்தது. அலை தீவைச் சுற்றித் தெற்கிற்கும் தென்மேற்கிற்கும் செல்ல மேலும் நேரமெடுத்தது. காலி வழியே சென்ற புகையிரதம் பெரலிய என்னுமிடத்தில் அலைக்கு இரையானது ஒன்பதரை மணியளவில். அதில் மாண்டோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். கிழக்கில் அலை அடித்ததற்கும் பெரலியவில் அடித்ததற்கும் இடையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருந்தது. வண்டியை நிறுத்த முயன்றோரின் செய்தி உரியவரைச் சென்று சேரவில்லை. கிழக்கே ஆயிரமாயிரம் கண்கள் கண்டதனை மேற்கே ஒரு நிலைய அதிபரின் காதிற் போடுதற்கு வழியில்லாதிருந்தது. இலங்கை முழுவதிலும் அன்று 30,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அன்று மாலையும் மறுநாளும் இந்திய வலைப்பதிவாளர் சிலர் கூடி அனர்த்தச் செய்திகளுக்கென ஒரு வலைப்பூவைத் தொடங்கினர். காணாமற் போனோர், வேண்டப்படும் மருந்து, திறந்திருக்கும் பாதை முதலிய விவரங்கள் அதில் வந்து குவிந்தன. இலங்கையிற் பாதிக்கப்பட்ட இடங்களுக்குச் சென்ற ஒருவர் கைத்தொலைபேசியிற் குறுஞ்செய்தியாக அனுப்ப, இந்தியாவிலிருந்த நண்பர் அவற்றை உடனுக்குடன் பதிப்பித்தார். பெரும் பத்திரிகைகளின் நிருபர் சென்றடையாத இடங்களிலிருந்து செய்தி வந்தமை அதன் சிறப்பு. ஆயினும் அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தன. கிண்ணியாவில் உறவினரைத் தேடிய தாய்க்கு அவற்றாற் பயன் விளைந்திராது.

அருகிருந்தாரது சான்று எத்துணை விலையுடையது என்பதனைத் திருகோணமலை அதன்பின் ஈராண்டு நிறைவதற்குள் அறிந்தது. 2006 ஜனவரி 2 ஆம் நாள் மாலை, கடற்கரையிற் காந்தி சிலைக்கு அண்மையில் ஐந்து தமிழ் மாணவர் கொல்லப்பட்டனர். அவர்கள் தாம் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்து இறந்தனர் என முதலிற் கூறப்பட்டது. 'சுடர் ஒளி' நாளிதழுக்குச் செய்தி அனுப்பிவந்த சுப்பிரமணியம் சுகிர்தராஜன் என்பார் உடல்களை நிழற்படம் எடுத்தார். துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் அப்படங்களிற் புலனாயின. அவை வெளிவந்தபின் கைக்குண்டுக் கதை நிலைக்கவில்லை. அம்மாதம் 24 ஆம் நாட் காலை, பணிக்குச் செல்லப் புறப்பட்டு நின்றபோது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கிற் சந்தேகத்தின் பேரில் நிறுத்தப்பட்ட 13 பேரும் போதிய சான்று இல்லையெனத் திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தால் 2019 ஜூலை 3 ஆம் நாள் விடுவிக்கப்பட்டனர். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2015 இல் வெளியிட்ட விசாரணை அறிக்கையில் அம்மாணவர் கொலை விரிவாக ஆராயப்பட்டுள்ளது.

இங்கே ஒன்று கருதத்தக்கது. சுகிர்தராஜன் எழுதியது நாளிதழுக்கு. இணைய ஏட்டுக்கு அன்று. எனினும் அப்படங்கள் ஒரு நாளிதழோடு நின்றிருந்தால் சில வாரங்களிற் பழந்தாளாகி மறைந்திருக்கும். இணையத்தின் வழியே பல நாடுகளுக்கும் சென்று பல இடங்களிற் படிந்தமையால் அவற்றை அழித்தல் எவர்க்கும் இயலாதாயிற்று. குறித்தவர் மறைந்தும் குறிப்பு நின்றது. சான்று எடுத்தவர் தம் உயிரை விலையாகக் கொடுத்தார் என்பதனை, கைத்தொலைபேசியிற் படமெடுத்து ஒரு நொடியில் உலகுக்கு அனுப்பும் இத்தலைமுறை மறக்கலாகாது. கருவி எளிதாயினமையாற் சான்று எளிதாகிவிடவில்லை.

1997 இற் தொடங்கிய 'தமிழ்நெற்' என்னும் இணையச் செய்தித்தளமும் உள்ளூர் நிருபர் வலையமைப்பின் வலிமையால் வளர்ந்ததே. வடக்குக் கிழக்கின் சிறு நகரங்களில் நிகழ்ந்தவை அன்றன்றே ஆங்கிலத்தில் உலகுக்குத் தெரியவந்தன. அதன் ஆசிரியராயிருந்த மட்டக்களப்பைச் சேர்ந்த தருமரத்தினம் சிவராம் 2005 ஏப்ரிலிற் கடத்திக் கொலை செய்யப்பட்டார். 2007 இல் இலங்கையில் அத்தளம் தடைசெய்யப்பட்டது. அதன் அரசியற் சார்பு பற்றி மாறுபட்ட கருத்துக்கள் உள. சார்பு உண்டெனினும் இடமும் நாளும் பெயரும் குறித்து எழுதப்பட்ட செய்தி, மறுப்பாரும் எடுத்து ஆராய்தற்கு இடந்தருவது. பொதுப்படக் கூறும் செய்திக்கு அத்தகுதி இல்லை.

இனி இக்கருவியின் மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்து உணவிற் கருத்தடை மருந்து கலக்கப்பட்டதாக வதந்தி எழுந்தது. அச்சுறுத்தலுக்கு ஆளாகித் தலையசைத்த அவ்வுணவகத்தாரைக் காட்டும் ஒளிப்படம் முகநூலிற் பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவிற் கண்டது மாவின் கட்டியே என அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அதற்குள் சேதம் நிகழ்ந்து முடிந்தது. அடுத்த மாதம் கண்டி மாவட்டத்திற் கலவரம் மூண்டபோது அரசு சமூக ஊடகங்களைச் சில நாள் முடக்கியது. தமிழரும் முஸ்லிங்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழும் திருகோணமலை போன்ற மாவட்டத்தில் இவ்வகைத் தீ எத்துணை எளிதிற் பற்றும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இதற்கு முடக்கம் மருந்தாகாது. முடக்கப்படும்போது பொய்யோடு அதனை மறுக்கும் மெய்யும் வாய்மூடுகின்றது. ஊரவர் நன்கறிந்த ஒருவர், தம் பெயரோடு, தாம் நேரிற் சென்று கண்டதனை எழுதும் ஏடு ஒன்று முன்னரே அவ்வூரில் நம்பிக்கை பெற்றிருக்குமாயின், வதந்தி பிறந்த வேளையில் மக்கள் கேட்டறிய ஓரிடம் இருக்கும். அந்நம்பிக்கை ஒருநாளில் வருவதன்று. குளம் நிரம்பியமை, படகுச் சேவை நின்றமை, மருந்தகம் திறக்கும் நேரம் போன்ற சிறிய செய்திகளைப் பல்லாண்டு பிழையின்றிச் சொல்லி வந்தவனே பெரிய செய்தியின்போது நம்பப்படுவான்.

மற்றொரு குறை, திருட்டு என்னும் சொல்லால் மாத்திரமே குறிக்கத்தக்கது. ஒருவர் வெயிலில் நடந்து சென்று எடுத்த படத்தையும் முதியோரைக் கேட்டு எழுதிய கட்டுரையையும் மற்றொருவர் பெயர் நீக்கித் தம் பக்கத்தில் இடுகின்றனர். அதனைப் பின்னொருவர் எடுக்கின்றார். நான்காம் கைக்கு வரும்போது நாளும் இடமும் போய்விடும். ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ள கன்னியாவின் பழைய படமெனச் சுற்றிவரும் ஒன்று எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது எனக் கேட்பார்க்கு விடையளிப்பார் இல்லை. பழைய ஏடெழுதுவோர் தாம் பார்த்தெழுதிய ஏடு யாருடையது என்பதனை இறுதியிற் குறித்துச் சென்றனர். அவ்வொழுக்கம் இவ்வெளிய காலத்தில் ஏன் அரிதாயிற்று என்பது சிந்தித்தற்குரியது.

படி பெருகுதலாலேயே நிலைபேறு வந்துவிடும் என எண்ணுவதும் பிழை. ஜியோசிற்றீஸ் என்னும் இலவசத் தளத்தில் உலகெங்குமுள்ள மக்கள் தத்தம் பக்கங்களை அமைத்திருந்தனர். தமிழ்ப் பக்கங்களும் அவற்றுள் இருந்தன. அதனை நடத்திய யாகூ நிறுவனம் 2009 அக்டோபரில் அதனை மூடியது. ஆர்வலர் விரைந்து படியெடுத்தவை போக எஞ்சியவை அழிந்தன. வாடகைப் பணம் செலுத்தாமையால் முகவரி இழந்த வலைத்தளங்கள் எண்ணில. முகநூலில் இட்டது மூடப்படாவிடினும் ஆற்றிலிட்ட புளியாய்க் கரைந்து போகும். மூன்றாண்டுக்கு முந்தியதை எழுதியவராலேயே தேடியெடுத்தல் அரிது. வாட்சப்பில் அனுப்பியதோ கைத்தொலைபேசி பழுதானால் அதனோடு போம். 1996 இல் நிறுவப்பெற்ற இன்ரநெற் ஆர்க்கைவ் என்னும் காப்பகத்தில் ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் அப்பக்கத்தின் அன்றைய படி சேமிக்கப்படும். இதற்குச் செல்லும் நேரம் ஒரு நிமிடம். உள்ளூர்ச் செய்தி எழுதுவோருள் இதனைச் செய்வோர் மிகச் சிலரே.

கல்லூரியொன்று இதில் ஆற்றக்கூடிய பணி உண்டு. பழைய ஆண்டு மலர்களைப் படியெடுத்து நூலகத்திற்கு அளித்தல் முதலாவது. இவ்வூர் ஆசிரியரும் மாணவரும் ஒரு காலத்தில் எழுதியவற்றை வேறெங்கும் காணல் இயலாது. மேல் வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் தம் ஊரிலுள்ள முதியோர் ஒருவரைக் கேட்டு ஒரு செய்தியை எழுதுதல் அடுத்தது. சொன்னவர் பெயரை அவர் இசைவோடு குறித்தல், சொன்ன நாளையும் இடத்தையும் எழுதுதல், அவர் சொல்லை அவர் பேச்சிலேயே பதிவு செய்து வைத்தல், தாம் ஊகித்ததை வேறாகக் காட்டுதல் என்னும் நான்கையும் ஆசிரியர் வற்புறுத்துவாராயின், மாணவர்க்கு அது வரலாற்றுக் கல்வியுமாகும். முஸ்லிம், சிங்கள ஊர்களிலும் அவ்வாறு கேட்டெழுதும்போதே இம்மாவட்டத்தின் வரலாறு முழுமையுறும்.

எங்கிருந்து தொடங்குவது என்பார்க்குக் கடலே விடையளிக்கும். உலகின் ஆழமிகுந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகிய இத்துறையை ஆங்கிலேயக் கடற்படையார் நுணுகி அளந்து வரைபடம் எழுதினர். தீவுகளும் முனைகளும் அதில் சோபர், கிளப்பன்பேர்க், பவுல் பொயின்ற் எனப் பிறமொழிப் பெயர்களைத் தாங்கி நிற்கின்றன. நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாமலை போன்ற சிலவற்றின் தமிழ்ப்பெயரே எல்லார்க்கும் தெரியும். கடலடியிலுள்ள பார்களையும், கரைவலை இழுக்கும் பாடுகளையும், காற்றுக்கு ஒதுங்கும் குடாக்களையும் தொழிலாளர் தமக்குரிய பெயரால் அழைக்கின்றனர். எந்தப் பாரில் எந்த மாதம் எந்த மீன் சேரும் என்பதும் அப்பெயரோடு பிணைந்தே வழங்குகின்றது. இயந்திரப் படகும் திசைகாட்டுங் கருவியும் வந்தபின் இளைஞர் எண்களைக் கொண்டே இடமறிகின்றனர். பெயரறிந்த முதியோர் மாலை வேளையிற் கடற்கரை வாடிகளில் இருந்து வலை பொத்துகின்றனர். அங்கே சென்று கேட்டு எழுதுதற்கு ஒரு கைத்தொலைபேசியும் சில மாலைப் பொழுதுகளும் போதும்.